முப்பத்தேழாவது படம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆகஸ்டில் ஓசூர் இப்படித்தான். துணி நனையவும் நனையாது, காயவும் காயாது.

கிருஷ்ணகிரி கண் ஆஸ்பத்திரி போய்வந்தோம். சரோவுக்கு வலது கண் ஆபரேஷன் வியாழக்கிழமை, இடது கண் ஒரு மாதம் கழித்து. புரை நன்றாக முற்றிவிட்டதாம். "இத்தனை நாள் இந்தம்மா எப்படிச் சோறாக்கினாங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்டால்?

வியாழனுக்குள்: சுகர் டெஸ்ட் ரிப்போர்ட், ஆதார் ஜெராக்ஸ் 2, பஞ்சு, சரோவின் தங்கச்சிக்கு போன்.

திரும்பும்போது பஸ்ஸில், சூளகிரி தாண்டியதும் சரோ பேசினாள். "ஏங்க, வர்ற பன்னண்டாந் தேதி கலாவுக்குப் பொறந்த நாளு. மூணு வருசமா செவுத்துல வெறும் பொகை மாதிரிதான் தெரியுது. உங்ககிட்ட சொல்லல. இந்த வாட்டி நல்லா பாக்கணும். பத்து எண்ணி அமத்திடாதீங்க. நூறு எண்ணுங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

வீட்டுக்கு வந்ததும் அவள் பக்கத்து வீட்டுக்கு ஆபரேஷன் செய்தி சொல்லப் போனாள். பீரோவைத் திறந்து டப்பாவிலிருந்து கலாவின் ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. சிவப்பு இல்லை. சிவப்புப் பாவாடை வெளிறிய மஞ்சள். முகம் பச்சை பூத்துக் கிடக்கிறது.

இன்றுதான் தெரியும் என்றில்லை. ஐந்தாறு வருடமாகத் தெரியும். புரொஜெக்டர் பல்பு பழசு என்றேன். சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை என்றேன். ஜன்னல் வெளிச்சத்தை என்ன சொல்வது?

யார் செய்தது என்பதும் தெரியும்.

அதே நாள், பிற்பகல் 3

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

கம்பெனியில் போட்டோகிராபராக இருந்தேன். ஒரு ரோலில் முப்பத்தாறு படம் கம்பெனிக்கு. கியர், ஷாஃப்ட், எக்ஸ்போர்ட் கேட்டலாக், டிரெய்னிங் வகுப்புக்கான ஸ்லைடு. பிலிமைப் பார்த்து லோடு பண்ணினால் கூட ஒன்று கிடைக்கும். அந்த முப்பத்தேழாவது போட்டோகிராபருக்கு. எங்கள் தொழிலில் அது வழக்கம், எந்த மேனேஜரும் கேட்க மாட்டார். இருபத்தெட்டு வருடம் முன்பு ஒரு முப்பத்தேழாவதில் எங்கள் பெண் கலாவை எடுத்தேன். அவளுக்கு ஆறு வயது. குவார்ட்டர்ஸ் கேட், காலை பத்து மணி, வெயில் என் முதுகுக்குப் பின்னால், அவள் சிவப்புப் பட்டுப் பாவாடையில். மெதுவான பிலிம் அது, ஆடாமல் நிற்க வேண்டும். நின்றாள்.

அந்த பிலிமை இங்கே கழுவ முடியாது. தபாலில் வெளிநாட்டு லேபுக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் மூளைக்காய்ச்சல். நாலே நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிக்குத் தபால் வந்தது. முப்பத்தாறு கியர். ஒரு கலா.

வேறு படம் இல்லையா? பள்ளிக்கூட குரூப் போட்டோவில் பட்டாணி அளவுக்கு முகம். ஆல்பத்தில் இருந்த பிரிண்டுகள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டி உரிந்துபோயின. ஸ்லைடுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய பிலிமே படம். ஒன்றே ஒன்று.

அந்த பிலிமுக்கு ஒரு குணம். இருட்டில் வைத்தால் நமக்குப் பிறகும் இருக்கும். புரொஜெக்டர் வெளிச்சம் பட்டால் நிறம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாகும். இதைச் சரோவுக்குச் சொன்னவன் நான். சட்டம் போட்டவனும் நான். வருடத்துக்கு ஒரு தடவை, பிறந்தநாள் அன்று, பத்து செகண்ட். பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவேன். பத்தானதும் அமத்துவேன். பதினொன்று கேட்டதே இல்லை அவள். "அமத்துங்க, கொழந்த கொறஞ்சுடுவா" என்பாள்.

எனக்கு வார விடுமுறை புதன். அவளுக்கு கார்மெண்ட்ஸில் ஞாயிறு. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு நான் மட்டும் பார்த்தேன். ஐந்து நிமிடம். சில புதன் அரை மணி நேரம். ரிடையர் ஆன பிறகும் விடவில்லை. அவள் வேலையை விட்ட பிறகு புதன்தோறும் பேரிகைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள், அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

திருட்டுப் பயல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வானம் வெளுத்திருக்கிறது. சரோவுக்குக் காலையில் உப்புமா நான் கிண்டினேன். கட்டி.

பாகலூர் ரோட்டில் முரளியின் கலர் லேப். கல்யாண வீடியோ எடுக்கிறவன், நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதன், வீட்டில் தெலுங்கு. ஸ்லைடை ஸ்கேன் பண்ணினான். இந்த பிலிமை ஸ்கேன் பண்ணினால் அப்படித்தான், திரையில் நீலம் பூத்து வந்தது. "கலரு ஏத்திடலாம் சார், அது ஒரு மேட்டரே இல்ல. எந்த ரெட்டுன்னு மட்டும் சொல்லுங்க."

வரிசையாகப் பன்னிரண்டு சிவப்பு போட்டுக் காட்டினான். முதலில் நாலாவது என்றேன். பிறகு ஏழு. பிறகு மறுபடி நாலு. ஒரு காலத்தில் கேட்டலாக்கில் கியர்பாக்ஸின் சிவப்பு ஒரு இழை குறைந்துவிட்டது என்று எக்ஸ்போர்ட் மேனேஜரோடு கத்திச் சண்டை போட்டவன் நான். என் பெண்ணின் பாவாடைச் சிவப்பு எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதில் கண்ணும் கூடவே இறங்கி வந்துவிட்டது.

முரளிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஏஐ-ல போட்டுப் பாக்கலாம் சார், நேத்து எடுத்த மாதிரி வரும்" என்றான். டீ குடிப்பதற்குள் வந்துவிட்டது. பளபளவென்று சிவப்பு. கன்னத்தில் ரோஜா. பின்னால் குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் பெயிண்ட்கூட அடித்திருந்தது. வாயைப் பார்த்தேன். முன்பல் இரண்டும் இருக்கின்றன. கலாவுக்கு அப்போது முன்பல் விழுந்து இடைவெளி. அதை அடைத்துவிட்டது மெஷின்.

"சூப்பரா இருக்காங்க சார் பாப்பா" என்றான்.

யார் வீட்டுப் பாப்பா?

அழித்துவிடச் சொன்னேன். என் கண் முன்னால் அழிக்கிறானா என்று நின்று பார்த்துவிட்டு வந்தேன். சரோ கேட்டாள், "எங்க போயிருந்தீங்க?" பஞ்சு வாங்க என்றேன். பஞ்சு வாங்க மறந்திருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சரோ நாளைக்கு ஆபரேஷன் என்று பேரிகை போகவில்லை. ஆனால் நான் போனேன், பெங்களூருக்கு. பென்ஷன் ஆபீஸ் வேலை என்று பொய். இந்த வாரம் எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை.

அவென்யூ ரோடு பக்கம் ஒரு சந்தில் பழைய கேமரா கடை. முன்பு லென்ஸ் ரிப்பேருக்குப் போயிருக்கிறேன். இப்போது கடைக்காரரின் மகன் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கே அறுபது. ஸ்லைடைக் காட்டினேன். விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. "ரொம்பப் போட்டுப் பாத்திருக்கீங்க" என்றார். போலீஸ்காரன் கேட்டது மாதிரி இருந்தது.

இதை அப்படியே புதிதாக இன்னொரு ஸ்லைடாக எடுக்க முடியுமா, நிறத்தை ஏற்றி, அந்த பிலிமிலேயே? அவர் உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அந்த பிலிமேதான். பிரிக்காத பெட்டி, தேதி எப்போதோ முடிந்தது. கையில் வாங்கினேன். குலுக்கினால் அதே சத்தம். நூறு பெட்டியாவது திறந்திருப்பேன். மூடியைத் திறந்ததும் வரும் வாசனைக்காகவே முகத்துக்குக் கிட்டே வைத்துத் திறப்பேன், அசிஸ்டெண்ட் சிரிப்பான். மிளகாய்ச் சிவப்பையும் குங்குமச் சிவப்பையும் பிரித்துக் காட்டிய பிலிம். எண்ணெய் படிந்த இரும்பைக்கூடத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி எடுத்துக்கொடுத்த பிலிம். அதை நிறுத்திவிட்டார்கள் என்று பேப்பரில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "யாரு செத்தது?" என்று சரோ கேட்டாள். ஒரு பிலிம் என்றேன். சிரித்தாள்.

"எடுத்துக்குங்க, பிலிம் சும்மாவே தர்றேன். யாரு கழுவிக் கொடுப்பாங்க?" என்றார் கடைக்காரர். மற்ற கலர் பிலிம் மாதிரி இல்லை அது. நிறம் பிலிமுக்குள் இல்லை. லேபில்தான் ஒவ்வொரு நிறமாக ஏற்ற வேண்டும். அந்த மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை, லேபும் இல்லை, உலகத்தில் எங்கும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

"முகிதோய்து சார்" என்றார் கன்னடத்தில். முடிந்துவிட்டது. அப்படிச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு காபி வரவழைத்தார்.

வரும் வழியில் ஜூஜுவாடியில் லாரி மேல் லாரி. ஒன்றரை மணி நேரம் பஸ் அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் சரியாக இரண்டு. புதன்கிழமை இரண்டு மணி. இந்த லட்சணத்திலும் மனது போர்வையைத் தேடுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆபரேஷன். காலை 6க்கே கிளம்பி 7.30க்கு ஆஸ்பத்திரி. டோக்கன் 14.

உள்ளே போகும் முன் கம்மல், வளையல் எல்லாம் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். நெற்றியில் கண்ணுக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டி, எந்தக் கண் என்று பேனாவால் குறித்திருந்தார்கள். பச்சை கவுனில் சின்னப் பெண் போல இருந்தாள். "பயமா இருக்கா?" என்றேன். "இல்ல. டாக்டரு சொல்றாரு, கலரெல்லாம் புதுசாத் தெரியுமாம்" என்றாள்.

வெளியே பெஞ்சில் தொரப்பள்ளிக்காரர் ஒருவர், அம்மாவைக் கூட்டி வந்தவர், என்னிடம் தானாகவே: "எங்கம்மாவுக்கு ஒரு கண்ணு போன மாசம் பண்ணோம். வீட்டுக்கு வந்ததும் அரிசியில இத்தினி கல்லா, இதையா எனக்கு ஆக்கிப் போட்டீங்கன்னு எம் பொண்டாட்டிகிட்ட ஒரே சண்டை. எல்லாம் தெரிஞ்சுபோவுது சார்."

எல்லாம் தெரிந்துபோகும். எழுந்து போய் வராந்தாவில் நின்றேன்.

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. கண்ணில் கட்டு. கீழே குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, அடுப்புப் புகை கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, அழக்கூடாது. நர்ஸ் பெண் இதைப் பாட்டு மாதிரி ஒப்பித்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள்.

முதலில் என்னைத்தான் பார்த்தாள். "இத்தினி நரைச்சுட்டீங்களா?" என்றாள். நர்ஸ் சிரித்தது. பஸ்ஸில் வழியெல்லாம் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் இறக்கி இறக்கி விட்டேன். மலை நீலமாக இருக்கிறதாம். வயலில் ரோஜாவுக்குப் போட்ட பாலிஹவுஸ் கூடாரத்தின் வெள்ளை கண்ணைக் கூசுகிறதாம். "டீத் தண்ணிக்குள்ள இருந்து பாத்த மாதிரி இருந்துச்சுங்க இத்தினி நாளும்."

வரலட்சுமி நோன்பு. எதிர்வீட்டு கன்னடத்தம்மா தாம்பூலத்தோடு வந்தார். சரோ அவர் சேலையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள், "இது அரக்கு. பார்டர்ல மாம்பழக் கலரு. சரியா?" அந்தம்மா சரி என்றதும் சரோவுக்கு ஒரே பெருமை.

சொட்டு மருந்து இரண்டு மணிக்கொரு தரம் நான்தான் விடுகிறேன். கழுத்தைச் சாய்த்து இமையை விரித்துக் காட்டுகிறாள். கண்ணின் கறுப்புக்குள் அவ்வளவு தெளிவு.

செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள்.

ஆகஸ்ட் 9, சனி

யோசித்த பொய்கள்:

பல்பு போய்விட்டது, இப்போது கிடைப்பதில்லை. (பாதி நிஜம்.)

மழையில் ஸ்லைடில் பூஞ்சை பிடித்துவிட்டது.

அது வயதானால் அப்படித்தான் ஆகும், எல்லார் ஸ்லைடும் இப்படித்தான்.

கடைசிப் பொய்தான் நல்ல பொய். அவள் நம்புவாள். நான் போட்டோகிராபர் அல்லவா. நான் சொல்லி அவள் எதை நம்பவில்லை?

அவள் குட்டித் தூக்கம் போட்டபோது புரொஜெக்டர் பல்பைக் கழற்றித் துணியில் சுற்றிச் சுத்தியலும் எடுத்துவிட்டேன். அடிக்க முடியவில்லை. உலகத்தில் இந்த மாடல் பல்பு எனக்கு வேறு கிடைக்காது என்ற நினைப்புதான் தடுத்தது. அவள் எல்லாவற்றையும் பார்க்கப்போகிற நிலையிலும் எனக்குப் புதன்கிழமை வேண்டியிருக்கிறது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மறுபடி மாட்டி வைத்தேன்.

கணக்குப் போட்டேன். அவள் தெளிவாகப் பார்த்த வருடங்கள் இருபத்துநாலு. பத்துப் பத்து செகண்ட். மொத்தம் நாலு நிமிடம். பெற்றவள் தன் பெண்ணைப் பார்த்தது நாலு நிமிடம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூறல் நின்று நல்ல வெயில்.

சரோ செவ்வாய்க்கிழமைக்கு இப்போதே ஒத்திகை. ஜன்னலுக்குப் போர்வையை மாட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் போர்வையை வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேல் மூலை இரண்டிலும் ஆணியில் மாட்டி மாட்டி ஓட்டை. சல்லடை.

"ஏங்க, வருசத்துக்கு ஒரு வாட்டி மாட்டுறதுக்கா இத்தினி ஓட்டை?"

நல்ல பொய் நாக்கு நுனியில் இருந்தது. துணி மட்டம், பூச்சி அரித்தது. வரவில்லை. ஈரத் தலையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை. இரண்டு மணி. முரளி. பெங்களூர். சிவப்பு போய்விட்டது என்பதையும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். போர்வையை மடித்தாள். நாலாக, எட்டாக. பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"பத்து எண்ணி அமத்துவீங்களே. எங்கிட்ட மட்டும்."

துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தேன்.

"ஒரு வருசம் எனக்குத் தும்மல் வந்துடுச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பத்து ஆயிடுச்சு. இன்னொரு வாட்டி போடுங்கன்னு கேக்கல நானு. அவ கொறஞ்சுடுவாளேன்னு அடுத்த வருசம் வரைக்கும் இருந்தேன். அப்பவும் நீங்க பாத்திருப்பீங்க இல்ல? அடுத்த புதனு?"

பார்த்திருப்பேன். நிச்சயமாகப் பார்த்திருப்பேன்.

"அழுவக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பேச்சில்லை. சொட்டு மருந்து மட்டும்: 8, 10, 12, 2, 4, 6. நேரமானதும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்க்கிறாள். நான் இமையை விரித்து விடுகிறேன். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. எழுந்து போய்விடுகிறாள். இரண்டு மணிக்கு விட்டபோது மருந்து வழிந்ததா கண்ணீரா தெரியவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

தங்கச்சி போனில் கேட்டிருக்கிறாள் போல. "அவருக்கென்ன, நல்லா இருக்காரு, நல்லாப் பாத்துக்கறாரு" என்று சரோ சொல்வது கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

மூன்று வேளையும் தயிர்சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கலா பிறந்தநாள். இருந்தால் முப்பத்துநாலு.

காலையில் சரோ விளக்கேற்றிப் பாயசம் வைத்தாள், அடுப்பருகே போகாதே என்றதைக் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு அவளே ஜன்னலில் போர்வையை மாட்டினாள். "போடுங்க" என்றாள். இரண்டு நாளில் என்னிடம் முதல் வார்த்தை.

போட்டேன். வெளிறிய மஞ்சள் பாவாடை. பச்சை முகம். சுவரில் ஆள் உயரத்துக்கு. பழக்கதோஷம், வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. "சும்மா இருங்க" என்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவருக்குக் கிட்டே போனாள். அவள் நிழல் படத்தில் விழாமல் ஓரமாக நின்றாள்.

நூறுக்கு மேலேயே ஆகியிருக்கும். பிறகு கேட்டாள்.

"நீங்கதான் இத்தினி பாத்திருக்கீங்களே. அவ எடது கையில இன்னா பண்ணிக்கினு இருக்கா, சொல்லுங்க."

பார்த்தேன். இடது கை இருக்கும் இடம் வெளுத்துப் பாவாடையோடு கலந்துவிட்டது. ஞாபகத்தில் தேடினேன். இடுப்பில் கை வைத்து ஸ்டைலாக நிற்கிறாள் என்றேன். அப்படித்தான் எப்போதும் நினைத்திருக்கிறேன்.

"ஸ்டைலு இல்ல. பாவாட நாடா அவுந்துபோச்சு. கீழ விழுந்துடும்னு இறுக்கிப் புடிச்சுக்கினு நிக்கிறா. நீங்க ஆடாதன்னு சொல்லிட்டீங்க. அப்பா திட்டுவாருன்னு அப்பிடியே நிக்கிறா. மொத வருசமே பாத்துட்டேன் நானு."

பத்து செகண்டில்.

அத்தனை புதன்கிழமையும் நான் எதைப் பார்த்தேன்? சிவப்பைப் பார்த்தேன். அந்த பிலிமின் சிவப்பு, நிழலின் கறுப்பு, என் லைட்டிங். அடித்துத் துடைத்து எடுத்த மாதிரி ஷார்ப் என்று பெருமைப்பட்டேன். குழந்தை நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரியவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்றதுக்குள்ள நீங்கதான் அமத்திடுவீங்களே."

அணைக்கக் கை போனது. மெஷின் சூடு ஏறிக்கொண்டிருந்தது, ஃபேன் சரியாக ஓடவில்லை, இந்தச் சூட்டுக்கு மிச்சமும் போய்விடும் என்று சொன்னேன்.

"யாருக்கு எடுத்து வெக்கறது, சொல்லுங்க" என்றாள். "நீங்க வெளிய இருங்க. எனக்கு அவகூடப் பேசணும்."

4.10. அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெஷின் இன்னும் ஓடுகிறது. நாலு மணிச் சொட்டு மருந்து விடவில்லை. உள்ளே சரோவின் குரல் கேட்கிறது, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, என்னவென்று பிடிபடவில்லை. இன்றோடு முகமும் போய்விடும். எழுந்து போய் அணைக்கவில்லை.